பிழை நோட்டு

போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்பு என் மனைவி ஜெர்மன் மொழித் தேர்வு எழுதினாள். வாசிப்பதில் தேறினாள், எழுதுவதில் தேறினாள், காதால் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் தேறினாள். பேசுவதில் தோற்றாள். பேசுவதற்கு அவளைத் தயார் செய்தவன் நான்.

அவள் ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நான் மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபது வருடம் இருந்துவிட்டு, இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் உட்கார்ந்தே பக்கங்களைத் திருத்தி அனுப்புகிறேன். ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவளை வீடியோ நேர்காணலில் எடுத்து, அவளுக்காக ஓர் இடத்தை நிறுத்தி வைத்திருந்தது. நான்கு பகுதிகளிலும் தேறிய சான்றிதழ் ஈஸ்டருக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயசுக்கு மேல் இன்னொரு மருத்துவமனை கூப்பிடாது என்று ஏஜென்சிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பதினேழு வருடம் பகல் டூட்டியும் இரவு டூட்டியும் மாறி மாறிப் பார்த்தவள் தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். மூத்த நர்ஸாக ஓய்வு பெறுவதற்கு முன் வேறொரு ஊரில், வேறொரு முறையில், தன் வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்றாள். அவள் போய் நிலைகொண்டபின் நான் போவதாக ஏற்பாடு.

வகுப்பு ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்தின் பக்கம், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்தது. நடத்திய அம்மா கணவரின் வேலைக்காக ஒன்பது வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். சனி, ஞாயிறு பிற்பகல்களில் வகுப்பு. அவளை பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கீழே வெயிலில் நிற்பதற்குப் பதிலாக நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். ஆசிரியை ஆட்சேபிக்கவில்லை.

முதல் மாதமே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அங்கே சொல்லித்தந்த ஒலிகள் எனக்கு வந்தன, அவளுக்கு வரவில்லை. நாக்கை ‘இ’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை ‘உ’ சொல்வதுபோல் குவிக்க வேண்டிய ஓர் உயிரொலி உண்டு. நான் இரண்டாவது முறையில் சொல்லிவிட்டேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று முயன்றாள். உதடு குவிந்தால் நாக்கு பின்னால் போனது. நாக்கை முன்னால் கொண்டுவந்தால் உதடு விரிந்தது. “ரெண்டும் ஒண்ணா நிக்க மாட்டேங்குது” என்றாள்.

ஆசிரியை ஒருநாள் காகிதத்தைச் சிறு நாடாக்களாகக் கிழித்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். ஜெர்மன்காரர்கள் சொல்லும் வல்லின ‘ப’வுக்குக் காற்று வெளியே வந்து நாடா ஆட வேண்டும். மெலிந்து ஒலிக்கும் ‘ப’வுக்கு ஆடக்கூடாது. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சொல்லின் தொடக்கத்தில் எப்படி, நடுவில் எப்படி என்று வாய் தானே முடிவு செய்துகொள்ளும், நாம் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. என் மனைவியின் நாடா எதற்கும் ஆடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் நாடா சொன்னபடி கேட்டது.

அந்தப் பெண் என் மனைவியோடு அதே மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பம். எங்களைவிடப் பத்து வயது சின்னவள், வாயாடி. ஆசிரியை அவளைப் பாராட்டியபோது, அதெல்லாம் ஒன்றுமில்லை என்பதுபோல் கையை வீசினாள். “இதுல என்ன மேம் இருக்கு? எங்க வீட்டுல ரெண்டு ‘ப’வும் தனித்தனியாத்தான் கெடக்கு. மாத்திச் சொன்னா எங்கம்மா கரண்டியத் தூக்கிரும்.”

இன்னொரு மாணவி சோழபுரத்திலிருந்து வந்தாள். வீடு, காடு, ஆடு தவிர வேறு பேச்சு இல்லாத குடும்பம். பள்ளியில் படித்த ஆங்கிலத்தைக்கூட வாய்விட்டுப் பேசியதில்லை. அவள் எந்த ஒலியையும் இரண்டு முறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். எப்படி என்று கேட்டால் தெரியாது என்பாள். மூன்றாம் மாதம் கல்யாணம் முடிவாகி வகுப்பை விட்டு நின்றுவிட்டாள். அதன் பிறகு அந்த வாய் ஜெர்மன் பேசியிருக்க வாய்ப்பில்லை.

இரத்த அழுத்தத்துக்கு ஜெர்மன் சொல் ‘ப்லூட்த்ருக்’. மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் சொல். என் மனைவி அதைப் ‘புலூட்டு துருக்கு’ என்று நிதானமாக, இடையிடையே ‘உ’ போட்டு, கடைசியிலும் ஒரு ‘உ’ வைத்து முடிப்பாள்.

“அக்கா, நீங்க இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பேஷன்ட் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருவான்” என்றாள் தெலுங்குப் பெண்.

“போகட்டுமே. நல்லாயித்தானே போறான்” என்றாள் என் மனைவி. மாடி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். அன்று மாலை வண்டியில் திரும்பும்போது அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து, “உங்களுக்கு வருது, எனக்கு வரலையே. என்ன பண்ணலாம்?” என்று கேட்டாள்.

“அதுக்குக் காது வேணும்” என்றேன்.

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்து, மடவார் வளாகம் கோயில் தாண்டும்வரை பின்கம்பியைப் பிடித்தபடி வந்தாள். நான் சொன்னது உண்மை என்று நினைத்தேன். ஆசிரியை என்னிடம் “சார், உங்களுக்கு நல்ல காது” என்று சொல்லியிருந்தார். அதை நான் பத்திரமாக வைத்திருந்தேன்.

காது இல்லாதவளுக்கு என் காதைக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த நீள நோட்டு ஒன்று இருந்தது. பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் அவள் சொன்னது, வலப்பக்கம் சொல்லியிருக்க வேண்டியது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, டூட்டிக்குக் கிளம்பும் முன் அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். நான் எதிரே நாற்காலியில் இருப்பேன். பொத்தானை அழுத்தினால் முள் வெளியே வரும் பேனா. தப்பு வந்ததும் டக் என்று அழுத்துவேன், எழுதுவேன், மறுபடி டக் என்று உள்ளே தள்ளுவேன். ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரைப் பக்கம் நிறைந்தது.

மூன்று வாரத்தில் டக் என்ற சத்தத்துக்கே அவள் நின்றுவிடப் பழகினாள். நின்று என் முகத்தைப் பார்ப்பாள். நான் சரியான ஒலியைச் சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள். பத்தில் நான்கு முறை வரும். அடுத்த வாக்கியத்தில் அதே சொல் வரும்போது பழையபடி வரும். எனக்குப் பொறுமை இருந்தது. இருபது வருடம் ஒரே விதமான பிழைகளை ஒரே விதமான ஆட்களிடம் பார்த்தவன். அவளுக்கும் பொறுமை இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மனப்பாடம் செய்யும் யோசனை என்னுடையது. பேச்சுத் தேர்வில் வரக்கூடிய பன்னிரண்டு தலைப்புகளை ஆசிரியை கொடுத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி, அவரிடம் திருத்தி வாங்கி, உருப்போட்டுவிட்டால் எந்தச் சொல் எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்த சொல்லுக்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். இதில் அவள் கெட்டிக்காரி. சிறுவயதில், அவள் ஊரான வத்திராயிருப்பில் ஞாயிறு பள்ளியில் வசன மனப்பாடப் போட்டி என்றால் பரிசு அவளுக்குத்தான். இங்கே எங்கள் சபையில் பிள்ளைகளை அந்தப் போட்டிக்குத் தயார் செய்வதும் அவள்தான். அந்தப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. நடுவில் தடுமாறினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதல் வசனத்திலிருந்து மறுபடி சொல்ல வேண்டும். அப்படி ஒரு வாய்ப்புத் தருவார்கள். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, “நின்னா யோசிக்காதீங்க, முதல்ல இருந்து வாங்க” என்று அவள் சொல்லும் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு பக்கங்களையும் இரண்டு மாதத்தில் முடித்தாள். நோட்டு சுத்தமாகிக்கொண்டே வந்தது. ஒன்றரைப் பக்கம் அரைப் பக்கமானது. அப்புறம் ஐந்தாறு வரி. ஒருநாள் காலை இரண்டே வரி. அவளிடம் காட்டினேன். நோட்டைப் பார்த்துவிட்டு, “குக்கர் வெச்சிருக்கேன்” என்று எழுந்து போனாள்.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு ஆசிரியை ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். என் மனைவி கையை மடியில் வைத்துக்கொண்டு, முதியோர் பராமரிப்பு பற்றித் தொடங்கினாள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆசிரியை ஏதோ ஒரு சின்னக் கேள்வி கேட்டார். அவள் நிறுத்தினாள், புன்னகைத்தாள், முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

“சிஸ்டர், நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஒப்பிக்காதீங்க.”

“முதல்ல இருந்து வந்தாத்தான் மேம் எனக்கு வரும்.”

“அங்க அப்படி விட மாட்டாங்க சிஸ்டர்.”

வண்டியில் திரும்பும்போது அவள் அதையே கேட்டாள். “நடுவுல மறிச்சா என்ன செய்ய?”

“பரீட்சையில யாரு நடுவுல மறிக்கப்போறா? நீ பேசி முடிக்கிற வரைக்கும் கேப்பாங்க” என்றேன்.

எனக்கு அது தெரியாது. தேர்வு முறையை விளக்கும் தாள் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. எவரோ சொன்னதை உறுதி செய்யாமல் எழுதிய நிருபர்களை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

சென்னையில் தேர்வு. தெலுங்குப் பெண்ணும் என் மனைவியும் சேர்ந்து போனார்கள். பேச்சுத் தேர்வு இரண்டு இரண்டு பேராக நடக்கும் என்பதால் இருவரும் ஒரே ஜோடியாக உள்ளே போனார்கள். முடிவு மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் வந்தது. அவள் அதை வார்டிலேயே பார்த்திருக்கிறாள். எனக்கு போன் செய்யவில்லை. வழக்கமான பஸ்ஸில் வந்து, டிபன் பாக்ஸைத் தொட்டியில் போட்டுவிட்டு, “பேச்சுல போயிருச்சு” என்றாள்.

“எந்த எழுத்துல?” என்று கேட்டேன்.

என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி இதுதான். அவள் திரும்பிக்கொண்டாள். குழாயைத் திறந்து டிபன் பாக்ஸைக் கழுவத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு தெலுங்குப் பெண் வீட்டுக்கு வந்தாள். அவள் நான்கிலும் தேறியிருந்தாள். அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள். என் மனைவி மாடியில் துணி எடுக்கப் போன சமயம் பார்த்து, நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடக் கூடாது.”

“சொல்லும்மா.”

“அக்கா உங்ககிட்டச் சொல்ல மாட்டாங்க. அங்க ரெண்டு பேரு உக்காந்திருந்தாக. ஒரு அம்மா, ஒரு சாரு. அக்கா ஜோராத்தான் ஆரம்பிச்சாங்க. அந்தச் சாரு ஏதோ குறிச்சுக்கிடணும்னு பேனாவ அமுக்குனாரு. டக்குன்னுச்சு. அக்கா நின்னுட்டாங்க.”

அவள் மாடிப்படியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அவரு தப்புன்னு ஒண்ணும் சொல்லல அண்ணே. சும்மா குறிச்சாரு. அக்கா அவரு மூஞ்சியவே பாக்காங்க. அவரு என்னன்னு பாக்காரு. பொறவு அக்கா முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. பாதியில மறுபடி எழுதுனாரு, மறுபடி முதல்ல இருந்து. மூணாவது தடவ அந்த அம்மா போதும்னுட்டாக. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடணும். நான் கேள்வி கேக்கேன், அக்காவுக்கு வாயே தொறக்கல. வார்டுல அம்புட்டுப் பேசுத அக்கா.”

மாடிப்படியில் காலடி கேட்டது. அவள் பேச்சை மாற்றி, ராஜபாளையத்தில் எந்தக் கடையில் தேங்காய் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். என் மனைவி துணிக்குவியலோடு வந்து, “என்ன, தேங்கா வெலையா பேசுதீங்க ரெண்டு பேரும்?” என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

அந்த வாரம் நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். நான்கு மாதம். எல்லாப் பக்கங்களிலும் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு சொல். அவள் எதைப் பற்றிப் பேசினாள் என்பது ஓரிடத்திலும் இல்லை. சுத்தமாகிக்கொண்டே வந்த பக்கங்களில் நான் முன்னேற்றத்தைக் கண்டிருந்தேன். இப்போது பார்க்கும்போது ஒன்று தெரிந்தது. பிழை குறையக் குறைய அவள் புதிதாக எதையும் பேசவில்லை. அதே பன்னிரண்டு பக்கங்கள்தான். பேசாதவளிடம் பிழை வருவதற்கு வழியில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் வேறொன்று இருந்தது. எழுதியதையே மறந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதி. கீழே, ‘வேதபாடம் – ழ – ஏழு இடம்.’

இதை விளக்க வேண்டும். எங்கள் சபையில் ஆராதனையின்போது வேதபாடம் வாசிப்பவர்களில் என் மனைவியும் ஒருத்தி. கண்ணாடி போடாமல், கம்பீரமாக, பின் வரிசைவரை கேட்கும்படி வாசிப்பாள். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரையும்போல அவளுக்கு ‘ழ’ வராது, ‘ள’தான் வரும். சபையில் அதை யாரும் ஒரு குறையாகக் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் முயன்றுவிட்டு, “ஆண்டவருக்கு ரெண்டும் கேக்கும்” என்று விட்டுவிட்டாள். பதினான்கு வருடம் நானும் விட்டுவிட்டேன். தேர்வுக்குத் தயாரான அந்த மாதங்களில் என் காது எதையும் விடாமல் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஞாயிறு அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது மனத்துக்குள் எண்ணியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து குறித்தும் வைத்திருக்கிறேன்.

சபையில் யார் எந்த ஞாயிறு வாசித்தார்கள் என்பது சுவரில் ஒட்டிய பட்டியலில் இருக்கும். போய்ப் பார்த்தேன். அந்தத் தேதிக்கு அடுத்து அவளுடைய முறை வந்த ஞாயிறன்று அவள் பெயர் அடிக்கப்பட்டு, வேறொரு பெயர் எழுதப்பட்டிருந்தது. அதற்குப் பின் வந்த முறைகளிலும் அப்படியே. டூட்டி காரணமாக என்று என்னிடம் சொல்லியிருந்தாள். நான் அதையும் உறுதி செய்யவில்லை.

என் காதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இருபத்தோரு வயதில் நான் நாளிதழில் சேர்ந்தது பிழை திருத்துபவனாக. அங்கே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வோம். ஒருவன் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிப்பான், மற்றவன் அச்சுத் தாளில் கண்ணை வைத்திருப்பான். ‘ல’வா ‘ள’வா ‘ழ’வா என்று எதிரிலிருப்பவனுக்குக் காதில் விழ வேண்டும். அங்கே போகும்போது என் வாயிலும் ‘ள’ மட்டுமே இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்தவன் என் வயதுக்காரன், அருப்புக்கோட்டைப் பக்கம். நான் தப்பாகச் சொன்னால் அளவுகோலால் மேசையைத் தட்டி, “ஏலே, எந்தக் கடையில வாங்குன நாக்கு இது?” என்பான். மறுநாள் அவன் வாசிப்பான், நான் தட்டுவேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், மூன்று வருடம். எனக்கு ‘ழ’ வந்தது இரண்டாவது வருடத்தில். யாரும் யார் பிழையையும் எழுதி வைக்கவில்லை.

அந்த மூன்று வருடங்களை நான் மறந்துவிட்டு, விளைவை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குக் காது என்று பெயரிட்டிருந்தேன். தெலுங்குப் பெண்ணுக்கு அம்மாவின் கரண்டி. எனக்கு அளவுகோல். சோழபுரத்துப் பெண்ணுக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியும் சிலர் பிறக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான் அவர்களில் ஒருவன் அல்ல. அதை வைத்து என் மனைவியை எடைபோட்டுவிட்டேன்.

அவளிடம் இதையெல்லாம் சொல்ல முயன்றேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“நோட்டப் பாத்தேன். கடைசிப் பக்கத்த” என்றேன்.

“நான் அப்பவே பாத்தேன்.”

“நான் வேணும்னு எழுதல.”

“வேணும்னு எழுதுனீங்கன்னு சொல்லல. உங்க கை அப்படி. இனி நீங்க எனக்குப் பாடம் கேக்க வேண்டாம், அம்புட்டுத்தான்.” அரிசித் தண்ணீரை வடித்தாள். “இன்னொருக்க எழுதப்போறேன். பணம் கட்டியாச்சு. உங்களுக்கு முன்னாடி அதுல ஒரு வார்த்தை பேச மாட்டேன். கேக்கணும்னு வரவும் கூடாது.”

ஈஸ்டருக்கு நான்கு மாதம் இருந்தது. அவள் எப்படித் தயாரானாள் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவர்கள் மருத்துவமனையில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கும். நர்ஸுகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணியை வெட்டி மடிப்பார்கள். சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்து வரும் துணிதான். வெட்டி மடித்து டப்பாவில் அடுக்கினால் அப்புறம் அவித்துச் சுத்தம் செய்வார்கள். கைக்கு வேலை, வாய்க்கு வேலையில்லை. அந்த ஒன்றரை மணி நேரமும் ஜெர்மன் தவிர வேறு பேசக் கூடாது என்று அவளும் தெலுங்குப் பெண்ணும் சத்தியம் செய்துகொண்டார்களாம்.

ஒருநாள் அவள் செல்போனை மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கப் போனேன். வார்டு வாசலிலேயே குரல் கேட்டது. தெலுங்குப் பெண் தலைமை நர்ஸைப்போல் முதுகை நிமிர்த்திக்கொண்டு எதையோ அதட்டினாள். என் மனைவி துணியை மடித்தபடி திருப்பிக் கொடுத்தாள். ஒரு சொல்லுக்காகத் திணறினாள், கையால் காட்டினாள், தமிழில் “அந்த இது” என்றாள், மறுபடி ஜெர்மனுக்குப் போனாள். முதல் வரிக்குத் திரும்பவில்லை. ‘புலூட்டு துருக்கு’ இரண்டு முறை வந்தது. பழையபடியேதான், ஆனால் வேகமாக. நான் போனை வாசலில் இருந்த செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வந்ததைச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் சொல்லியிருப்பார்.

இரண்டாம் முறை சென்னைக்குத் தனியாகப் போனாள். ஸ்டேஷன் வரைக்கும் வரட்டுமா என்று கேட்டேன். “பெட்டி இருக்கு, வாங்க” என்றாள். ரயில் வரும்வரை எங்களோடு இருக்கும் என் அம்மாவின் மருந்து, கேஸ் சிலிண்டர், மாவு எங்கே இருக்கிறது ஆகியவற்றைப் பற்றிப் பேசினோம்.

தேறிவிட்டாள். முடிவுத் தாளில் பேச்சுக்கான மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டியிருந்தார்கள். உச்சரிப்பில்தான் அவளுக்கு மிகக் குறைவு. மற்றவை அதைத் தூக்கிவிட்டிருந்தன. சான்றிதழ் ஈஸ்டருக்குப் பதினோரு நாள் முன்பு போய்ச் சேர்ந்தது. அன்று மாலை அவள் பால்கோவா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாள். எனக்கும் ஒரு கரண்டி கையில் வைத்தாள். அது தித்திப்பாகத்தான் இருந்தது.

இப்போது விசாவுக்காகக் காத்திருக்கிறோம். தெலுங்குப் பெண் ஜெர்மனிக்குப் போய் இரண்டு மாதமாகிவிட்டது. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயர் என் மனைவியை நிறுத்தி, “அம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிறாவது பாடம் வாசிச்சிட்டுப் போங்க. நீங்க வாசிச்சு எம்புட்டு நாளாச்சு” என்றார்.

“அவிய வாசிப்பாக ஐயரே. சுத்தமா வாசிப்பாக” என்று என்னைக் கைகாட்டினாள். குரலில் கோபம் இல்லை. அதனால் நான் மறுக்கவும் முடியவில்லை. வருகிற ஞாயிறுக்குப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது.

நேற்று மாலை நான் முன்னறையில் ஒரு பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் அடுக்களையில் போனைப் புட்டி மேல் சாய்த்து வைத்து, வெண்டைக்காய் நறுக்கியபடி தெலுங்குப் பெண்ணிடம் ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அங்கே போன பிறகும் இருவரும் அதைத் தொடர்கிறார்கள். கதவு சாத்தியிருந்தது. குரல் வந்தது. குவியாத உதடு, ஆடாத நாடா, ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஓர் ‘உ’. ஒரு நிமிடத்தில் ஐந்து இடம் என் காதில் விழுந்தது. பேனாவை மேசையில் வைத்தேன்.

திடீரென்று என் மனைவி எதையோ நீளமாகச் சொன்னாள். போனில் அந்தப் பெண் கூச்சல் போட்டுச் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு முட்டச் சிரித்தாள். இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

அவள் சொன்ன வாக்கியத்தை என்னால் அப்படியே திருப்பிச் சொல்ல முடியும், ஒவ்வோர் ஒலியையும் அதன் இடத்தில் வைத்து. நாக்கு அசையாமல் மனத்துக்குள் சொல்லியும் பார்த்தேன். ஆனால் நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஒலிகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மொழியைப் படிக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கதவைத் தட்டிக் கேட்கலாமா என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.